சிவகாமி அணைக்காத மைக்

பெட்டிய அங்க வெக்காத கண்ணு, போறவன் வர்றவனெல்லாம் இடிச்சுட்டே போவான். இப்படி என்ற கால்கிட்டத் தள்ளு. இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே இருக்கட்டும். எவ்வளவு பெரிய பெட்டி! கல்யாணம் கட்டிட்டுப் போறயா? படிக்கவா? எங்க? இத்தாலிக்கா!

அட கெரகமே. போன ஐப்பசில நானும் அங்க போயிட்டுத்தான் வந்தேன். என்னயப் பாத்தா அப்படித் தெரியலையாக்கும்? நல்லாப் படி கண்ணு, லீவு விட்டா எங்க வேணாலும் சுத்து. ஆனா சியேனான்னு ஒரு ஊர் இருக்குது, அங்க மட்டும் சிநேகிதிகளோட போயிராத. அதுலயும் மழையன்னைக்குப் போயிராத. ஊர் மேல ஒரு தப்பும் இல்ல. ஊர் பாட்டுக்கு எத்தனையோ நூறு வருசமா மலை மேல உக்காந்திருக்குது. அழகுன்னா அழகு, சொல்லி மாளாது. எனக்குத்தான் அந்த ஊர்ப் பேரைக் கேட்டாலே வயிறு எரியுது.

ஜன்னல சித்தெ எறக்கிவிடு, காத்து மூஞ்சில அடிக்குது. சொல்றேன் கேளு. ரயிலு ஈரோடு வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சர்றேன்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்தவ. இப்ப உங்களுக்கெல்லாம் போன் கைக்குள்ளயே கெடக்குது. அப்பெல்லாம் மெட்ராசுக்குப் பேசணும்னா ட்ரங்க் கால் புக் பண்ணிட்டு நாளெல்லாம் காத்துக் கெடக்கணும். அந்த லைனைப் போட்டுக் குடுக்கறது நாங்கதான். காதுல ஹெட்போன், முன்னால போர்டு, கை நெறைய ஒயரு. நான், சிவகாமி, லூர்து, வத்சலா, நாலு பேரும் ஒரே வரிசைல உக்காந்திருப்போம். பொறகு நான் சூப்பர்வைசர் ஆயிட்டேன். ஆனா அதிகாரி மாதிரியெல்லாம் ஒரு நாளும் நடந்துக்கிட்டதில்ல, பாத்துக்க. லேட்டா வந்தா எழுதி வெச்சுருவேன். அது வேற, சிநேகிதம் வேற.

நாலு பேர்லயும் சிவகாமிதான் எனக்கு உசுரு. அடுத்த தெருதான் அவ வீடு. பாவம், அவ பொழப்பு பொழப்பே இல்ல. புருஷங்காரன் அப்படிப்பட்ட ஆளு. குழம்புல உப்பு கொறஞ்சா தட்டு செவுத்துல போயி விழும். அவ செருப்ப வாசல்ல எந்தப் பக்கம் விடணும்ங்கறது வரைக்கும் அந்தாளுதான் சொல்லணும். அழுதுட்டே டூட்டிக்கு வருவா. நான்தான் மூஞ்சக் கழுவ வெச்சு, பொட்டு வெச்சுவிட்டு, போர்டுல உக்கார வெப்பேன். அந்தாளு போய்ச் சேந்து ரெண்டு வருசம் ஆகுது. என்ற வீட்டுக்காரர் அதுக்கு முன்னாலயே போயிட்டாரு. எனக்குக் கொழந்தை குட்டி இல்ல. அவளுக்கு ஒரே மகன், கனடாவுல இருக்கான், தீபாவளிக்கு வீடியோவுல வருவான்.

அப்பத்தான் நான் முடிவு பண்ணினேன். கடைசிக் காலத்துல நாங்க ரெண்டு பேரும் ஒட்டுக்கா இருந்தர்றதுன்னு. என்ற வீட்டுக்குப் பக்கவாட்டுல அவளுக்குன்னு ஒரு ரூம் கட்டினேன் கண்ணு. அவளுக்கு முட்டி வலி, அதனால படியே இல்லாம, தரையோட தரையா. பாத்ரூம்ல பிடிச்சு எந்திரிக்கக் கம்பி, வழுக்காத கல்லு, சாமி படம் வெக்க ஒரு மாடம். பச்சைப் பெயிண்ட் அடிச்சேன். அவளுக்கு நீலந்தான் புடிக்கும், ஆனா நீலத்துல அழுக்கு நல்லாத் தெரியும். தை பொறந்ததும் வந்தர்ற, உன்ற வீட்ட வாடகைக்கு விட்டர்றன்னு சொல்லிட்டேன். அவ தலையாட்டினா. ஆட்டின மாதிரித்தான் இருந்துச்சு.

அதுக்கு முன்னால ஒருக்கா நாலு பேரும் எங்காவது போயிட்டு வரலாம்னு இத்தாலி டூர் போட்டது. எங்க ஊருல நாலு பொம்பளைக ஒட்டுக்காக் கெளம்பினா ஒரே மாதிரி சேலை எடுக்காமக் கெளம்பறதில்ல, உனக்கே தெரியும். காசி போனாலும் அப்படித்தான், பொட்டானிகல் கார்டன் போனாலும் அப்படித்தான். நானே கடை கடையா ஏறி எறங்கி, மாம்பழ மஞ்சள்ல அரக்குப் பார்டர், நாலு சேலை எடுத்தேன். ஜாக்கெட்டும் நானே தைக்கக் குடுத்துட்டேன். சியேனாவுல அத்தாப் பெரிய மைதானம் ஒண்ணு இருக்குது, ஒரு முறத்தக் கீழ வெச்சாப்பல, ஒரு பக்கமாச் சரிஞ்சு இருக்கும். அங்க நாலு பேரும் அந்தச் சேலைல நின்னு போட்டோ எடுக்கறதுன்னு கோயமுத்தூர்லயே பேச்சு.

காலைல ஓட்டல் வாசலுக்கு நான் சேலையக் கட்டிட்டு வந்து நிக்கறேன். மூணு பேரும் சுடிதாரப் போட்டு, மேல மழைக்கோட்டு மாட்டிட்டு வர்றாளுக! எனக்கு பொக்குனு போச்சு. "ஏண்டி, சேலை எங்கடி?"ன்னா, "மழை கொட்டுதே மணி, கரை நனைஞ்சா கால்ல சுத்துமே"ங்கறா வத்சலா. சரி, அவளுக்குத் துணிமணில எப்பவுமே சோம்பேறித்தனம். சிவகாமியுமா? அவ என்னயப் பாக்கவே இல்ல. குடையப் பிரிக்கற மாதிரி அக்கட்டாலத் திரும்பிக்கிட்டா. அப்பவே எனக்கு ஒறைச்சிருக்கணும், மூணு பேரும் பேசி வெச்சுக்கிட்டுத்தான் வந்திருக்காளுகன்னு.

மழைன்னா நம்ம ஊர் மாதிரி அடிச்சுட்டு நிக்கற மழை இல்ல கண்ணு. நச்சு மழை. விடவே விடாது. சந்து சந்தாத் தெரு, எல்லாம் செங்கல்லும் கருங்கல்லும், ஏறினா ஏறிட்டே இருக்கணும், எறங்கினா வழுக்கும். எங்க டூர் மேனேஜர் நிர்மல்னு ஒரு பையன், பல்லடத்துக்காரன், தங்கமான பையன். எல்லாருக்கும் கழுத்துல ஒரு சின்ன மிஷின் மாட்டி, காதுல சொருகிவிட்டான். அந்த ஊர்க்காரம்மா ஒருத்தி முன்னால நடந்து நடந்து இங்கிலீசுல சொல்லும், நிர்மல் தன்ற மைக்ல தமிழ்ல சொல்லுவான், அது எங்க எல்லார் காதுலயும் கேக்கும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பிராணிய வெச்சிருக்காங்களாம், நத்தை, வாத்து, ஆமைன்னு. பொறந்ததுல இருந்து சாகற வரைக்கும் அந்தத் தெருக்காரங்க ஒருத்தர ஒருத்தர் விட்டுக் குடுக்க மாட்டாங்களாம். நான் சிவகாமியத் திரும்பிப் பாத்துச் சிரிச்சேன். அவ முட்டியத் தேச்சுட்டு நின்னா. "நடந்தாத்தாண்டி முட்டி சரியாகும், வா"ன்னு கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன். நான் இல்லைன்னா அவ பஸ்சுலயே உக்காந்திருப்பா.

லூர்துக்கு அங்க ஒரு புனிதவதியோட தலைய வெச்சிருக்கற கோயிலுக்குப் போகணுமாம். இத்தாலின்னு சொன்ன நாள்ல இருந்து அதையேதான் சொல்லிட்டு இருந்தா. அது ஊர் அக்கட்டக் கடைசில, மழைல யாரு நடக்கறது? தலையப் பாத்து என்னடி பண்ணப் போற, இங்கிருந்தே கும்பிட்டுக்கன்னுட்டேன். சிவகாமிக்கு ஒரு கடையக் கண்டதும் காலு நின்னு போச்சு. கொழகொழன்னு சூடா சாக்லேட்டு, கரண்டில அள்ளிக் குடிக்கறாங்க. "ஒரு வாய் மணி"ங்கறா. அவளுக்குச் சுகர் எவ்வளவு இருக்குன்னு எனக்கல்லோ தெரியும். "நடடி"ன்னேன். நடந்தா. யாரு நல்லதுக்குச் சொன்னேன்? நீயே சொல்லு.

பெரிய கோயில்கிட்டப் போறப்ப ஒரு காத்து அடிச்சுது பாரு, சிவகாமி குடை மல்லாந்து கம்பியெல்லாம் ஒடிஞ்சு போச்சு. தலை நனையறா. மழைக்கோட்டுத் தொப்பிய இழுத்துவிட்டுட்டு நிக்கறா, நனைஞ்ச கோழி மாதிரி. எனக்கு மனசு கேக்கல. காலைல அந்தச் சேலைக் கோவம் இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா அவளுக்குச் சளி புடிச்சா நெஞ்சுல எறங்கிரும். யாருகிட்டயும் சொல்லாம, வந்த வழில ஒரு குடைக்கடை பாத்தனே, வாங்கிட்டு ஓடியாந்துரலாம்னு பின்னால எறங்கிட்டேன். நீலக் குடையாப் பாத்து வாங்கினேன். வெளிய வந்தாத் தெரு மாறிப் போச்சு. எல்லாச் சந்தும் ஒரே மாதிரி. ஒரு பூட்டின கடையோட தாவாரத்துல ஒண்டி நின்னேன்.

அங்க என்னயக் காணோம்னு நிர்மல் தேடக் கெளம்பியிருக்கான். கெளம்பறப்ப அவன் மைக்கக் கழட்டி சிவகாமி கையில குடுத்து, "நீங்க இதுல கூப்பிட்டுட்டே இருங்கம்மா, அவங்க காதுல கேக்கும், எங்க நிக்கறீங்கன்னு சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு வந்திருக்கான். அது பொறகுதான் எனக்குத் தெரியும்.

திடீர்னு காதுல அவ குரல். "மணி, மணி, கேக்குதா? கோயில் பக்கத்துல மூலைக்கடைல நிக்கறோம், வா." என்ற கண்ணுல தண்ணி வந்துருச்சு கண்ணு. முப்பது வருசத்துக்கு முன்னால போர்டுல அவ லைன் போட்டுக் குடுப்பாளே, அதே குரல், கொஞ்சங்கூட மாறல. வழி தெரியாத ஊர்ல, மழைல, எனக்குன்னு ஒரு குரல் இருக்குதுன்னு அப்படி ஒரு நிம்மதி.

எங்க வேலைல மொதப் பாடம் என்னன்னா, பேசி முடிச்சதும் போர்டுல பேசற கீயை மூடிரணும். மூடாம பக்கத்துச் சீட்டுக்காரிகிட்ட ஊர்வம்பு பேசினா லைன்ல இருக்கறவங்களுக்கெல்லாம் கேட்டுரும். புதுசா வர்ற புள்ளைகளுக்கெல்லாம் நான்தான் அதச் சொல்லிக் குடுப்பேன். சிவகாமிக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். அவ மூடல. மைக்கக் கழுத்துல தொங்கவிட்டுட்டு, மூணு பேரும் காதுல சொருகினத மட்டும் கழட்டிட்டாளுகளாட்ட இருக்குது.

மொதல்ல ஒரு சிரிப்புச் சத்தம். வத்சலா சொல்றா, "சீக்கிரம் குடிடி, அவ வந்தா டம்ளரப் புடுங்கிருவா." சாக்லேட்டு! என்னயத் தேடற லட்சணம் பாரு. சிவகாமி அப்படிச் சிரிக்கறா. அவ அந்த மாதிரிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல. அடியே உன்ற சுகருன்னு இங்கிருந்தே கத்தினேன். அவளுக்கெங்க கேக்கும்? இது ஒருவழி லைன்.

அப்பறம் லூர்து. "சிவகாமி, எப்பத்தாண்டி அவகிட்டச் சொல்லப் போற? தைக்கு வீடு மாறணும்."

"ஊருக்குப் போயிச் சொல்லிக்கறேன்."

"ஊர்ல இருந்தப்ப இத்தாலில போயிச் சொல்றேன்னு சொன்ன."

வத்சலா சொல்றா, "மூணு வீடும் பக்கத்துப் பக்கத்துலயே கெடைச்சிருச்சு. நாலாவது வீடும் காலியாத்தான் கெடக்குதாம். அவளையும் வரச் சொன்னா என்னடி?"

பேரூர் தாண்டி வயசானவங்களுக்குன்னு குடியிருப்புக் கட்டியிருக்காங்க, பாத்திருப்ப. சாப்பாடு அவங்களே போட்டு, நர்சும் வெச்சுப் பாத்துக்கறாங்க. மூணு பேரும் அங்க போறதுக்கு ஏற்பாடு பண்ணி முடிச்சிருக்காளுக. எனக்குத் தெரியாம! நான் இங்க ரூம் கட்டி, மேஸ்திரியோட சண்டை போட்டு, கம்பிய நானே புடிச்சுப் பாத்துப் பொருத்தியிருக்கேன்.

அப்பவும் எனக்குப் பெருசா ஒண்ணுமில்ல கண்ணு, நெசமாச் சொல்றேன். லூர்தும் வத்சலாவும் சேந்து அவ மனசக் கெடுத்துட்டாளுக, சிவகாமி வாயில்லாப் பூச்சி, நான் போயி ரெண்டு அதட்டு அதட்டினாச் சரியாகிருவான்னுதான் நெனச்சேன். அவ என்ன சொல்றான்னு மிஷினக் காதோட அமுத்திட்டுக் கேட்டேன். டம்ளர்ல கரண்டி உரசற சத்தம். பொறகு சொன்னா.

"வேண்டாம்."

"ஏண்டி?"

"வேண்டாண்டி. ஒருத்தருக்குப் பயந்தே ஆயுசு போச்சு. இருக்கற கொஞ்ச நாளும் இன்னொருத்தருக்குப் பயந்துட்டு இருக்க என்னால ஆகாது. ரூம் கட்டறா, பெயிண்ட் அடிக்கறா, கட்டில் வாங்கிப் போடறா. நீ வர்றியாடின்னு ஒரு வார்த்தை கேட்டாளா? அவரும் கேக்க மாட்டாரு, இவளும் கேக்க மாட்டா."

என்னயவும் அந்தாளையும் ஒரே தட்டுல வெச்சுட்டா, பாத்தயா? நான் அவ மேல கை ஓங்கினேனா? தட்ட வீசினேனா? அந்தாளு அடிச்சு அவ ஓடியாந்தப்பெல்லாம் யாரு வீட்டுக்கு ஓடியாந்தா? மஞ்சள அரைச்சு யாரு போட்டுவிட்டா? ரூம் கட்டறவ எதுக்குக் கண்ணு கேக்கணும்? கட்டினதே கூப்பிட்ட மாதிரித்தான? துரோகி. வேற வார்த்தை எனக்குத் தெரியல. எத்தனை வருசச் சிநேகிதம்! ஒரு டம்ளர் சாக்லேட்டக் குடிச்சுட்டே முடிச்சுட்டா.

காதுல இருந்து அதக் கழட்டி எறிஞ்சிருக்கலாம். ஒட்டுக்கேக்கறது எங்க வேலைல மகா தப்பு. சூப்பர்வைசர் மட்டும் கேக்கலாம். கழட்ட மனசு வரல. அவ அப்பறம் வேற ஏதாச்சும் சொல்லுவாளா, மணி பாவந்தான், நல்லவதான்னு ஒரு வார்த்தை வருமான்னு நின்னேன். கோயில்ல என்னென்னமோ கல்லுன்னு பேசினாளுக, நிர்மல் இன்னும் வரலன்னு பேசினாளுக. வரல அந்த வார்த்தை. சேலை முட்டி வரைக்கும் நனைஞ்சு காலச் சுத்திட்டுக் கெடந்துச்சு. நடுத்தெருவுல நின்னு கொழந்தையாட்டம் அழுதேன். வெள்ளைக்காரங்க ஒதுங்கி ஒதுங்கிப் போறாங்க.

நிர்மல் ஓடி வந்தான். "பெரியம்மா, இங்கயா நிக்கறீங்க"ன்னான். மூஞ்சி செத்துக் கெடந்துச்சு. அவன் காதுலயும் அதே மிஷின்தான? எங்க கூட வந்து கோயில் பாத்துட்டு இருந்த மொத்தப் பேர் காதுலயும் அதேதான? மானம் போச்சு போ. அன்னைக்குச் சாயந்திரம் பஸ்சுல பொள்ளாச்சிக்காரர் ஒருத்தர், அதுவரைக்கும் என்கூட ஒரு வார்த்தை பேசாத மனுஷன், எந்திரிச்சு வந்து என்ற கையில ஒரு மிட்டாய வெச்சுட்டுப் போனாரு. அந்த மிட்டாய என்னத்துக்குக் குடுத்தாருன்னு எனக்குத் தெரியாதா?

கடைக்குப் போனா மூணு பேரும் வாயத் தொடைச்சுட்டு நிக்கறாளுக. சிவகாமி ஓடியாந்து, "எங்கடி போன, பயந்தே போயிட்டேன்! நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"ன்னு கேட்டா. அவ மூஞ்சியப் பாத்தேன். கேட்டுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கயே ஒடைஞ்சு போயிருப்பா. "எங்க கேட்டுச்சு, பேட்டரி தீந்து போச்சாட்ட இருக்குது"ன்னுட்டு, "இந்தா, புடி"ன்னு குடையக் குடுத்தேன். குடையப் பாத்தா. என்னயப் பாத்தா. "எனக்காடி வாங்கப் போன?"ன்னா.

மைதானத்துல போட்டோ எடுத்தோம். மூணு பேரு மழைக்கோட்டுல, நான் ஒருத்தி மட்டும் மாம்பழ மஞ்சள்ல. அந்த ஊர்க்காரம்மா என்ற சேலைய மட்டும் புடிச்சுப் பாத்து நல்லா இருக்குன்னு சொன்னா.

ஊருக்கு வந்து அவ சொல்லுவாளா சொல்லுவாளான்னு பாத்தேன். மார்கழில ஒரு நாள் காலைல வந்தா. உள்ள வரல, கேட்டு வெளியவே நின்னா. "மணி, நான் பேரூர்ப் பக்கம் அந்தக் குடியிருப்புக்குப் போலாம்னு இருக்கேன்"னா.

"அப்படியா, நல்லதாப் போச்சு"ன்னேன்.

"கோவம் இல்லையே?"

"எனக்கென்ன கோவம்?"

போவான்னு பாத்தா, போகல. கேட்டுக் கம்பியப் புடிச்சுட்டே நின்னா. கண்ணு ரெண்டும் கலங்கி இருக்குது. "வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா மணி? நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன், சொல்லு"ங்கறா. இவகிட்டயா நான் கெஞ்சணும்? "கேஸ் கனெக்ஷன மறக்காம மாத்திக்க"ன்னேன். ஆட்டும்னா. இன்னும் சித்த நேரம் நின்னா. பொறகு போயிட்டா. செஞ்சது தப்புன்னு அவளுக்கே தெரிஞ்சுதான் அப்படி நின்னிருக்கா. வேற எதுக்கு நிக்கப் போறா?

பால் காய்ச்சக் கூப்பிட்டாளுக. நான் போகல.

ரூம் அப்படியே சும்மா கெடக்குது. பூட்டிப் போட்டா பூஞ்சை புடிக்கும்னு தெனம் காலைல ஜன்னலத் தொறந்து வெச்சுட்டு, சாயந்திரம் சாத்தறேன். ஒரு நாள் சாத்தப் போனப்பத்தான் ரோசனை வந்துச்சு. என்ற நாத்தனார் தெய்வான தாம்பரத்துல மகன் வீட்ல இருக்கா. ஒத்த ரூம் வீடு, அவளுக்குப் படுக்கை ஹால்லதான். பேரன் ஒருத்தன் இருக்கான், அவன்தான் அவளுக்கு உசுரு, அது சரி, பேரன் பெருசாகிட்டா பாட்டியத் திரும்பிப் பாப்பானா? இங்க ராணி மாதிரி இருக்கலாமில்ல? அவளக் கூட்டிட்டு வரத்தான் கண்ணு இப்பப் போறேன். திரும்பி வர்றதுக்கு ரெண்டு டிக்கெட் போட்டாச்சு. அவளுக்குக் கீழ் பெர்த்து.

என்ன கண்ணு அப்படிப் பாக்கற? அவளுக்குத் தெரியுமான்னா? போன்ல எதுக்கு, நேர்ல போயி நின்னாத் தெரிஞ்சுட்டுப் போகுது. துணிமணிய எடுத்து வெக்க எவ்வளவு நேரமாகும்? நானே எடுத்து வெச்சுருவேன். மகன் ஒண்ணும் சொல்ல மாட்டான். அவளும் ஒண்ணும் சொல்ல மாட்டா, சின்ன வயசுல இருந்து நான் சொன்னா மறுபேச்சு பேசினதில்ல.

வந்துருவா. இந்த வயசுல அவளுக்கு வேற என்ன இருக்குது?

வந்துருவாதான கண்ணு?